நூலை அறுக்கும் முன்: பழைய மணிச் சரங்களைப் பதிவதும் மீண்டும் கோப்பதும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் சிறிய சேகரிப்பு ஒன்றில் பழைய மணிகளைப் பதியும் வேலை என் கைக்கு வந்தபோது, அதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தரத் தமிழில் ஒரு பக்கம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு முன்பிருந்த யாரோ ஒருவர், நூல் இற்றுப்போன சரமொன்றை அறுத்து, மணிகளை எல்லாம் ஒரு பிஸ்கட் பேணிக்குள் கொட்டி மூடி வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், 214 மணிகள். எது எதன் பக்கத்தில் இருந்தது, ஒரு சரமா இரண்டு சரமா, நீண்ட மணி நடுவில் தொங்கியதா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. மணிகள் அப்படியே இருக்கின்றன. மாலை போய்விட்டது.

அதே அலுமாரியில் இன்னொரு சரம், 86 மணிகளோடு, அறாமல் இருந்தது. அதைப் பதிந்து, நூல் மாற்றி, பெட்டியில் வைத்து முடிக்க எனக்கு ஏறக்குறைய எட்டு மாதம் பிடித்தது. முறை தெரிந்திருந்தால் நான்கு மாதத்தில் முடித்திருப்பேன். பாடசாலை, கோயில், பல்கலைக்கழகத் துறை, நூலகம் என்று எங்காவது ஓர் அலுமாரிச் சாவி உங்கள் கையில் புதிதாகத் தரப்பட்டிருந்தால், இந்தப் படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் கடதாசி வேலை

மணியைத் தொடும் முன், அது யாருடையது என்பதற்கு உங்கள் கோப்பில் எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். இலங்கையில் தொல்பொருட்களை ஆள்வது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டமும், 1998ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் முதலான அதன் திருத்தங்களும். மண்ணிலிருந்து தொல்பொருள் ஒன்றைக் கண்டெடுத்தவர் அதை அறிவிக்கக் கடமைப்பட்டவர். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. வாகரைப் பக்கம் கதிரவெளியில் பெருங்கற்காலப் புதைகுழிகள் இருப்பது ஊரறிந்த செய்தி. எனவே வயலில் கிடைத்தது, கிணறு வெட்டும்போது வந்தது என்று யாராவது ஒரு பிடி மணியைக் கொண்டுவந்து நீட்டினால், நன்றி சொல்லி வாங்கி லாச்சிக்குள் போடாதீர்கள். இடம், நாள், ஆழம், கூடக் கிடைத்த பொருட்கள் ஆகியவற்றை அவர் சொல்லச் சொல்ல எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கி, தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

ஏற்கெனவே சேகரிப்பில் உள்ள பொருளுக்கு நான்கு ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்: அது எப்படி வந்தது என்பதற்கான கையளிப்புப் பத்திரம் அல்லது பழைய பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி, உங்கள் நிறுவனத் தலைவரின் எழுத்து அனுமதி, தற்போதைய நிலையைப் படங்களோடு சொல்லும் நிலை அறிக்கை, செய்யப்போகும் வேலையை விளக்கும் ஒரு பக்கத் திட்டம். இந்த நான்கையும் இணைத்துத் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்துக்குக் கடிதம் எழுதி, பதில் எழுத்தில் வரும்வரை காத்திருங்கள். தொலைபேசியில் யாரோ “செய்யுங்கள்” என்றார் என்பதை வைத்துக்கொண்டு நூலில் கை வைக்க வேண்டாம். கடிதத்தைத் தமிழில் எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. நான் சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். கடிதம் மேசைக்கு மேசை போகும்போது அது உதவியது.

இங்கே நான் இழந்தது ஏழு வாரம். முதல் கடிதத்தில், பேணியில் “சுமார் 200 மணிகள்” இருப்பதாக எழுதியிருந்தேன். “சுமார்” என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டு, கடிதம் அப்படியே திரும்பி வந்தது. கோடு போட்டவர் யாரென்று தெரியாது. ஆனால் அவர் செய்தது முழுக்கச் சரி. சுமார் என்று எழுதப்பட்ட சேகரிப்பிலிருந்து பத்து மணி காணாமற்போனால் கேட்பதற்கு வழியில்லை. எண்ணுங்கள், வேறொருவரையும் எண்ணச் சொல்லுங்கள். இருவர் தொகையும் ஒத்துவந்த பிறகே கடிதத்தில் எழுதுங்கள்.

கால அட்டவணையையும் பருவத்தைப் பார்த்துப் போடுங்கள். மாரி மழை விட்டதும், மாசி பங்குனியில் கடிதத்தை அனுப்பிவிட்டால், கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் கோக்கலாம். ஐப்பசி முதல் தை வரை நம் கரையோரத்தில் காற்றிலேயே நீர் நிற்கும். அந்த மாதங்களில் பெட்டிகளைத் திறக்காமல் விடுவது நல்லது. கச்சான் காற்றிலும் புழுதி வரும். ஆகவே வேலை நேரத்தில் காற்றுப் பக்கத்து யன்னலைச் சாத்தி வையுங்கள்.

2. பொருட்களும் செலவும்

நூலின் விலையைப் பார்த்து இது மலிவான வேலை என்று கணக்குப் போடாதீர்கள். என் செலவில் பாதிக்கு மேல் போனது அமிலமற்ற கடதாசிக்கும் பொலியெதிலீன் நுரைத் தகட்டுக்கும்தான். இரண்டையும் கொழும்பிலிருந்து வரவழைக்க ஐந்து வாரம் ஆனது. கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்கும் காலத்திலேயே இவற்றுக்குச் சொல்லிவிடுங்கள். விலைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. கூறுவிலைகளை ஒரே வாரத்தில் எடுத்து, அந்த வாரமே ஒப்புதல் வாங்குங்கள்.

இரவல் வாங்கக்கூடியவை பல. 0.01 கிராம் காட்டும் தராசை ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் வாங்கினேன். நகைக்கடையிலும் அந்தத் தராசு உண்டு. ஆனால் மணிகளை நகைக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். நல்ல மனதோடுதான், பழைய மணியை மினுக்கித் தந்துவிடுவார்கள். பத்து மடங்கு உருப்பெருக்கும் கைக்கண்ணாடி, பிளாஸ்டிக்கில் செய்த வேணியர் இடுக்கிமானி (உலோகத்தாலானது கண்ணாடி மணியைக் கீறும்), சதுரக் கட்டக் கடதாசி, பென்சில், நைட்ரைல் கையுறை, ஈரமானி, சிலிக்கா ஜெல், வாய்மூடும் பொலியெதிலீன் பைகள் ஆகியவை வேண்டும். மேசையில் பேனை இருக்கக் கூடாது.

தட்டுகளுக்கு விரிக்க மருதமுனைக் கைத்தறித் துணி வாங்கினேன். சாயமிடாத, கஞ்சி போடாத வெள்ளைத் துணி என்று சொல்லிக் கேளுங்கள். வாங்கிய பின்பும் இருமுறை வெறும் வெந்நீரில் அலசிக் காய வையுங்கள். ஓரம் உயர்ந்த தட்டில் இதை விரித்தால் மணி உருளாது.

வாங்கக் கூடாதவை: நகைக்கடையில் சுற்றித் தரும் ரோசாநிறக் கடதாசி, றப்பர் வளையம், பஞ்சு, பத்திரிகைத் தாள், எந்த வகை ஒட்டுநாடாவும். ரோசாநிறத் தாளின் சாயம் ஈரத்தில் இறங்கிவிடும். எங்கள் சங்கு மணிகள் மூன்றில் அந்த நிறம் இன்றும் இருக்கிறது.

3. சரத்தைக் கிடந்த கோலத்திலேயே படம் எடுங்கள்

பெட்டியைத் திறந்ததும், எதையும் ஒழுங்குபடுத்தாமல், அது கிடக்கிறபடி முதல் படத்தை எடுங்கள். பிறகு தட்டில் மெதுவாக விரித்து, அளவுகோலும் வெள்ளைத் தாளும் பக்கத்தில் வைத்து, மேலிருந்து ஒன்று, கீழ்ப்பக்கத்தைத் திருப்பி ஒன்று, பத்துப் பத்து மணியாக நெருங்கி ஒவ்வொன்று. கைத்தொலைபேசிக் கமரா போதும். இரண்டு மின்குமிழ்களை இரு பக்கமும் சாய்த்து வைத்தால் நிழல் விழாது.

படத்துக்குப் பிறகு, கட்டக் கடதாசியில் சரத்தைக் கையால் வரையுங்கள். படம் இருக்கும்போது வரைவானேன் என்று கேட்பீர்கள். வரையும்போதுதான் கண் நிற்கும். 31ஆம் மணிக்கும் 32ஆம் மணிக்கும் இடையில் நூலில் ஒரு முடிச்சு இருந்ததை ஆறு படங்களிலும் பார்க்கத் தவறிய நான், பென்சிலோடு உட்கார்ந்தபோதே கண்டேன். முடிச்சின் இடப்பக்கத்தில் முதல் மணி என்றோ, அறுந்த முனையிலிருந்து வலமாக என்றோ, எங்கிருந்து எண்ணத் தொடங்கினீர்கள் என்பதைப் படத்தின் மேலேயே எழுதுங்கள். இதை எழுதாவிட்டால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் பயனற்றவை.

4. ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி

இதுதான் வேலையின் பெரும்பகுதி. ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 86 மணிக்கு ஏழு மணிநேரத்துக்குச் சற்று மேல். ஒரே நாளில் செய்யாதீர்கள். இரண்டு மணிநேரத்துக்கு மேல் போனால் கண் பொய் சொல்லத் தொடங்கும்.

எண் மூன்று பகுதியாக இருக்கட்டும்: சேகரிப்பில் சேர்ந்த ஆண்டு, அந்த ஆண்டின் வரிசை, மணியின் இலக்கம். சரத்துக்கு 2019.4 என்றால் அதன் 37ஆம் மணி 2019.4.37. மணியின் மேல் எதையும் எழுத வேண்டாம். சரத்துக்கு ஓர் அட்டை, தனி மணிக்கு அதன் பை அல்லது குழியின் பக்கத்தில் இலக்கம்.

பதிய வேண்டியவை: பொருள், நிறம், வடிவம், துளை வழியான நீளம், குறுக்களவு, துளையின் அகலம், செய்முறைத் தடயம், உடைவு, ஒட்டியிருக்கும் மண். எடையும் துளை அகலமும், மணி நூலை விட்டு வெளியே வரும் நாளில் எடுக்கப்பட வேண்டியவை. அதுவரை அந்தக் கட்டங்களை வெறுமையாக விடுங்கள்.

நீளம் என்பது எப்போதும் துளையின் திசையில்தான். குண்டு மணியை அகலமான பக்கத்தில் அளந்து நீளம் என்று எழுதுவது எல்லோரும் செய்யும் பிழை. மணி ஆய்வாளர் ஹோரஸ் பெக் 1928இல் வகுத்த முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நீளத்தைக் குறுக்களவால் வகுங்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அது தட்டு மணி. அதற்கு மேல் 0.9 வரை குறு மணி. 0.9க்கும் 1.1க்கும் இடையில் சம மணி. அதற்கு மேல் நீள் மணி. 4 மில்லிமீற்றர் நீளமும் 6 மில்லிமீற்றர் குறுக்களவும் உள்ள மணிக்கு 0.67 வரும்; குறு மணி. “சிறிய உருண்டை” என்று எழுதினால் உங்களுக்கு அடுத்தவருக்கு எதுவும் விளங்காது. இந்த எண் விளங்கும்.

பொருளின் பெயரில்தான் தமிழில் பதிபவர்களுக்கான பெரிய பொறி இருக்கிறது. பழைய பதிவேட்டில் எங்கள் சரம் “பவள மாலை” என்று இருந்தது. அதைப் படித்தவர்கள் கடற்பவளம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கைக்கண்ணாடியில் பார்த்தால் ஒளி ஊடுருவும் செம்மஞ்சள் கல், அது சூதுபவளம். ஒன்று கடலுயிரியின் சுண்ணாம்பு, மற்றது படிக இனத்துக் கல். ஒன்றை அமிலம் கரைக்கும், மற்றதைக் கரைக்காது. பெயரில் இரண்டெழுத்து விட்டுப்போனதால் பராமரிப்பே மாறிவிடுகிறது. “பளிங்கு” என்பதும் அப்படித்தான். தொல்லியலில் அது நிறமற்ற படிகத்தைக் குறிக்கும். ஊர்ப்பேச்சில் தரையில் பதிக்கும் மாபிளைக் குறிக்கும். “மணி” என்றே எழுதினாலும் மாணிக்கமா, கோத்த மணியா என்று கேட்பவர் உண்டு. பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் வைத்து, இந்தச் சேகரிப்பில் எந்தச் சொல் எதைக் குறிக்கும் என்று ஒருமுறை எழுதிவிடுங்கள். தெரியாத பொருளுக்கு “சிவப்பு, ஒளிபுகாதது, பொருள் அறியப்படவில்லை” என்று எழுதுவது, ஊகித்து எழுதுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

கண்ணாடி மணியில் இன்னொன்றையும் பாருங்கள். உள்ளே இருக்கும் குமிழிகளும் கீற்றுகளும் துளைக்கு இணையாக நீண்டிருந்தால், அது குழாயாக இழுத்து நறுக்கிய மணி. துளையைச் சுற்றி வளைந்தோடினால், கம்பியில் சுற்றிச் செய்த மணி. புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டிலும் மன்னார்ப் பக்கத்து மாந்தையிலும் செய்யப்பட்டு இந்து சமுத்திரக் கரையெங்கும் போன சிறு கண்ணாடி மணிகள் இழுத்து நறுக்கியவை. உங்கள் மணி அங்கிருந்து வந்தது என்று இதை வைத்து எழுதிவிடாதீர்கள். “இழுத்தது” என்று மட்டும் எழுதுங்கள். மூலம் சொல்வது ஆய்வுகூடத்தின் வேலை.

கல்மணியில் துளையைப் பாருங்கள். இரு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒரு படி இருக்கும். சில மணிகளில் இரண்டு துளைகளும் மயிரிழை விலகிச் சந்திக்கும். எங்களிடம் உள்ள ஒரு நீள் மணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், சிவப்புக்குள் அந்த விலகல் தெரியும். அதைத் துளைத்தவர் கை சற்றுச் சரிந்த இடம் அது. இந்தப் படியில்தான் நூல் உரசி அறுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளாஸ்டிக் மணி கலந்திருக்கிறதா என்று அறிய, ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செய்யவே கூடாது. அம்பரையும் தந்தத்தையும் அது நிரந்தரமாகக் காயப்படுத்தும். அச்சில் வார்த்த கோடு தெரிகிறதா, கையில் எடுத்தால் கல்லின் குளிர்ச்சி இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

5. பழைய நூலும் சாட்சி

நூல் இற்றுப்போனால் குப்பை என்று நினைப்பதே எல்லா இழப்புக்கும் தொடக்கம். இழையின் வகை, எத்தனை புரி, முறுக்கின் திசை, முடிச்சின் இடம் எல்லாம் பதிய வேண்டியவை. முறுக்கைப் பார்ப்பது எளிது. நூலைச் செங்குத்தாகப் பிடித்துக் கைக்கண்ணாடியில் பாருங்கள். புரிகள் ஆங்கில எழுத்து எஸ்ஸின் நடுக்கோடு போல இடமிருந்து வலமாக இறங்கினால் எஸ் முறுக்கு. இசட்டின் நடுக்கோடு போல வலமிருந்து இடமாக இறங்கினால் இசட் முறுக்கு.

நான் எங்கள் நூலைப் பெரிதாகப் படமெடுத்து, படத்தை மட்டும் மருதமுனையில் ஒரு நெசவாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம்தான் பார்த்தார். “இது இராட்டையில் நூற்றது இல்லைத் தம்பி. மில் நூல். இழை எங்கும் ஒரே பருமன், பாருங்கள்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் நிலை அறிக்கை மாறியது. மணிகள் பழையவை, கோத்த ஒழுங்கு அண்மைக் காலத்தது. மில் நூல் வந்த பிறகு யாரோ ஒருமுறை கோத்திருக்கிறார்கள். அதனால் அந்த ஒழுங்கைத் தள்ளிவிட்டேனா? இல்லை. அதுவும் சரத்தின் வாழ்க்கையில் ஒரு கட்டம். “தற்போதைய ஒழுங்கு, மில் நூலில் கோத்தது” என்று எழுதி, அப்படியே காத்தேன். நூலை எறிந்திருந்தால், இதுவே பழங்கால ஒழுங்கு என்று எங்கள் காட்சிப் பலகை பொய் சொல்லியிருக்கும்.

செம்புக் கம்பியில் கோத்த சரம் வந்தால், பச்சை பூத்திருந்தால், இழுக்க வேண்டாம். கம்பி துளைக்குள் பருத்து மணியோடு இறுகியிருக்கும். இழுத்தால் மணி பிளக்கும். அதைப் பையில் போட்டு உலர வைத்து, பயிற்சி பெற்ற காப்பாளர் ஒருவர் பார்க்கும்வரை விடுங்கள்.

6. சுத்தம் செய்வதில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

வீட்டில் நகைக்குச் செய்வது எதுவும் இங்கே ஆகாது. புளியும் எலுமிச்சையும் சங்கு, முத்து, பவளம் மூன்றையும் தின்னும். விபூதியும் சாம்பலும் பற்பசையும் கண்ணாடியின் மேற்தோலைத் தேய்க்கும். சூதுபவளம் மினுங்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். அது துளைக்குள் போய்ப் புழுதியைப் பிடித்துவைக்கும், புது நூலையும் ஊறவைக்கும்.

மென்மயிர்த் தூரிகையால் புழுதியைத் தட்டுங்கள். உறுதியான கல்லுக்கு மட்டும், காய்ச்சிவடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சி. அதற்கு மேல் வேண்டாம். துளைக்குள் இருக்கும் மண்ணை ஊசியால் குடையாதீர்கள். தானாக உதிர்ந்தால், அதைச் சிறு பையில் போட்டு அதே இலக்கத்தை எழுதுங்கள்.

கண்ணாடி மணி வியர்த்தது போலப் பிசுபிசுத்தால், அல்லது மேலே வலைபோல நுண்ணிய வெடிப்பு இருந்தால், அது நோயுற்ற கண்ணாடி. நம் ஊர் ஈரம் அதற்கு எமன். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரமானி 40 சதவீத அளவில் நிற்கும்படி பாருங்கள். அந்த மணியைக் கோக்க வேண்டாம்.

7. கோக்கத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. நூல் பலமாக இருந்தால் விடுங்கள். ஒழுங்கு தெரியாத மணிகளை அழகுக்காக மாலையாக்குவது பொய்ச் சாட்சி. அதைக் காட்சிக்கு வைத்தால் பார்ப்பவர் நம்பிவிடுவார். நூல் இற்று, தூக்கும்போதே மணி சிந்தும் அபாயம் இருந்தால் மட்டும் கோக்கலாம். அப்போதும், நுரைத் தகட்டில் வரிசைக் குழி வெட்டி மணிகளை அந்த ஒழுங்கில் தளர்வாக வைக்க முடியுமானால், அதுவே போதுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

8. கோக்கும் நாள்

தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) வேண்டாம். வாவிக்கரை ஊர்களில் எவர் வீட்டிலும் இருக்கும், பலமானது, மலிவானது என்பதால் எல்லோரும் அதையே நீட்டுவார்கள். அது சுருளின் வளைவை மறக்காது, முடிச்சு வழுக்கும், வெளிச்சத்தில் ஆண்டு போகப்போக மஞ்சளாகி முறியும். றப்பர் கலந்த இழுபடும் நூலும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். பருத்தி நூல் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சிக்கும் இரையாகும். நான் தேர்ந்தது சாயமிடாத, முறுக்கிய பொலியெஸ்டர் நூல். வெந்நீரில் போட்டு எடுத்து, வெள்ளைத் துணிக்கிடையில் ஒரு இரவு அழுத்தி வைத்துச் சாயம் இறங்கவில்லை என்று உறுதிசெய்தேன்.

நூல் பலமாக இருக்க வேண்டும், ஆனால் மணியைவிடப் பலமாக இருக்கக் கூடாது. யாராவது தவறி இழுத்தால் அறுவது நூலாக இருக்கட்டும், உடைவது மணியாக அல்ல. துளையில் தடையின்றிப் போய்வரும் பருமன் போதும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். தட்டை மேசையின் நடுவில் வையுங்கள். தரையைக் காலையிலேயே கூட்டி, அதன்பின் வேலை முடியும்வரை தும்புத்தடி உள்ளே வரக் கூடாது என்று சொல்லி வையுங்கள். இருவராக இருங்கள்: ஒருவர் கோக்க, மற்றவர் பதிவேட்டைப் பார்த்து இலக்கத்தை வாய்விட்டுச் சொல்ல.

பழைய நூல் இன்னும் சற்றுத் தாங்குமானால் மிகப் பாதுகாப்பான வழி இது. புது நூலின் முனையைப் பழைய நூலின் புரிகளுக்கிடையே இரண்டு மூன்று தையலாகச் செலுத்தி இணையுங்கள். முடிச்சுப் போட்டால் துளையில் மாட்டும். இப்போது மணிகளை ஒவ்வொன்றாகப் பழைய நூலிலிருந்து புதிய நூலுக்கு நகர்த்துங்கள். ஒழுங்கு ஒரு கணமும் குலையாது. ஒரு மணி தயங்கினால் தள்ளாதீர்கள். சற்றுச் சுழற்றிப் பாருங்கள், நகராவிட்டால் நிறுத்துங்கள். துளை அகலத்தையும் எடையையும் எடுக்க வேண்டுமானால், இந்த வழியை விட்டு, ஒவ்வொரு மணியையும் இலக்கமிட்ட குழிக்கு மாற்றிய பின் கோக்க வேண்டும். நான் முதல் 31 மணியை நகர்த்தினேன்; அந்த முடிச்சுக்கு அப்பால் நூல் மிகவும் இற்றிருந்ததால், மீதி 55 மணியைக் குழிகளில் வைத்துக் கோத்தேன். நகர்த்திய 31க்கும் எடைக் கட்டம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. அதற்காக அவற்றைக் கழற்றப் போவதில்லை.

கெட்டியான தையல் ஊசியை உள்ளே விடாதீர்கள். மெல்லிய கம்பியை முறுக்கிச் செய்த, வளைந்து கொடுக்கும் மணியூசி வேண்டும். துளை மிகச் சிறிதாக இருந்தால், நூல் முனையைச் சரிவாக நறுக்கி, அசற்றோனில் கரைத்த பாரலோயிட் பி-72 என்னும் அக்ரிலிக் பிசினில் தோய்த்து, விரலால் முறுக்கிக் காயவிட்டால் முனையே ஊசியாகும். நகப்பூச்சு அதற்கு மாற்றல்ல. கோத்து முடித்ததும் அந்த விறைத்த முனையை வெட்டி எறிந்துவிடுங்கள்.

பத்து மணிக்கு ஒருமுறை நிறுத்தி, படத்தோடு ஒப்பிடுங்கள். எங்களுக்கு 60இல் ஒரு பிழை தெரிந்தது. 58உம் 59உம் இடம் மாறியிருந்தன. பத்துக்கு ஒருமுறை பார்த்ததால் இரண்டு மணியோடு போனது.

இறுக்கம் முக்கியம். மிக இறுக்கினால் மணியின் வாய்கள் ஒன்றோடொன்று உரசிச் சில்லு கழலும். தளர்ந்தால் மணி ஓடி, துளையின் விளிம்பு நூலை அரம்போல அறுக்கும். சரத்தை வட்டமாக வளைத்து வைத்தால் மணிகள் இறுக முட்டாமலும், நூல் வெளியே தெரியாமலும் இருக்கும் அளவு சரி. கனமான மணிகளுக்கு இருபுறமும் ஒரு முடிச்சுப் போடுங்கள். ஓரிடத்தில் அறுந்தாலும் எல்லாம் சிந்தாது. பழைய முடிச்சு இருந்த இடத்தில் புது முடிச்சும் வரட்டும். காணாமற்போன மணிக்குப் பதிலாகப் புதியதைச் சேர்க்காதீர்கள், கொக்கியும் பூட்டும் வைக்காதீர்கள். முடிவில் இரட்டை முடிச்சு, மூன்று சென்ரிமீற்றர் வால். பசை வேண்டாம். நூல் முனையை லைட்டரால் உருக்கி அடைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தச் சுடர் மணியின் பக்கம் வரவே கூடாது.

86 மணிக்கும் எனக்கு மூன்று மணிநேரம் எடுத்தது.

9. பெட்டியும் பிரதியும்

சரத்தைத் தொங்கவிடாதீர்கள். நுரைத் தகட்டில் அதன் வளைவுக்கு ஏற்பக் கால்வாய் வெட்டி, அமிலமற்ற கடதாசி விரித்து, படுக்க வையுங்கள். சங்கு மணியை மர லாச்சிக்குள், அதிலும் புதிதாக வார்னிஷ் பூசிய அலுமாரிக்குள் வைத்தால், மரம் விடும் அமில ஆவியால் மேலே வெள்ளைப் பொடி பூக்கும். உலோக அலுமாரியோ மூடிய பொலியெதிலீன் பெட்டியோ நல்லது. கீழ்த்தட்டு வேண்டாம்; மாரி வெள்ளம் வரும் ஊர் நமது.

பதிவேட்டின் ஒரு பிரதி இந்தக் கட்டடத்துக்கு வெளியே, கரையிலிருந்து விலகிய இன்னோர் இடத்தில் இருக்க வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. நான் ஒன்றை அச்சிட்டு வேறொரு நிறுவனத்திலும், மின்பிரதியை இரண்டு பேரிடமும் வைத்திருக்கிறேன். நன்கொடையாளரின் முகவரி போன்ற விபரங்களை அந்தப் பிரதிகளில் சேர்க்கவில்லை.

கோத்து ஒரு மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் புரட்டாதியில், மழைக்கு முன், திறந்து பாருங்கள். சிலிக்கா ஜெல்லையும் அப்போதே மாற்றுங்கள்.

பழைய நூல் தனிப் பையில், அதே பெட்டியில், அதே இலக்கத்தோடு இருக்கட்டும். அட்டையில் கோத்த நாள், நூலின் வகை, கோத்தவர் பெயர், ஒழுங்கு எங்கிருந்து கிடைத்தது என்ற நான்கையும் எழுதுங்கள். பேணியில் இருந்த 214 மணிகளையும் நான் பொருள்வாரியாகப் பிரித்து வைத்தேன்: கண்ணாடி 118, சூதுபவளம் 61, சங்கு 22, படிகம் 9, அறியப்படாதவை 4. முதல் நான்கு வகையும் நான்கு சரங்களில், மீதி நான்கு மணியும் தனிக் குழிகளில். நான்கு சரத்தின் அட்டையிலும் ஒரே வரி: “கோத்த ஒழுங்கு தெரியாது. சிந்தாமல் இருப்பதற்காக மட்டும் கோக்கப்பட்டது.”